மஹசீர் மீனும் தூண்டிற் பதிவேடும்

குளிர்ச்சி பொருந்திய நாடுகளின் ஏரிகளிலும் ஆறுகளிலும் டிரவுட், பாஸ் முதலிய நன்னீர் மீன்களைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது ஒரு பொழுதுபோக்காகவும், அதற்கு வழிகாட்டுவோருக்கு ஒரு ஜீவனோபாயமாகவும் வளர்ந்துள்ளது. நம் நாட்டில் டிரவுட் மீன் வெளியிலிருந்து கொணரப்பட்டதாகும். நீலகிரியில் அவலாஞ்சி என்னுமிடத்தில் 1907ஆம் ஆண்டில் ஏற்பட்ட குஞ்சுபொரிப்பு நிலையத்தின் வாயிலாகவே அது அம்மலையின் ஓடைகளில் நிலைபெற்றது. குளிர்ந்த நீரையே நாடும் அம்மீன் சமவெளிக்கு இறங்கி வாழ இயலாது. பாஸ் மீனோ வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. தென்னாட்டுச் சமவெளி ஆறுகளில் இவ்விரண்டின் இடத்தையும் பெற்றிருப்பது நமக்கே உரிய மஹசீர் மீனாகும்.

சாமராஜநகர் மாவட்டத்தை ஒட்டி ஓடும் காவிரியில் மஹசீருக்காக நடைபெற்ற தூண்டிற் பயணங்களையும், அப்பயணங்களின் பதிவேடுகள் வெளிப்படுத்திய ஓர் உண்மையையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. அவ்வுண்மை, உயிரினங்களை எண்ணிக் கணக்கெடுக்கும் எல்லாக் களப்பணியாளருக்கும் பயன்படத்தக்கது.

இடமும் ஆறும்

சாமராஜநகர் 1997ஆம் ஆண்டில் மைசூர் மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமாயிற்று. இதனுள் அடங்கிய கொள்ளேகால் பகுதி 1956 வரையில் சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாவட்டத்தின் எல்லையில் சிவசமுத்திரத்தில் அருவியாக வீழ்ந்து, பாறைகளும் ஆழ்ந்த மடுக்களும் நிறைந்த பள்ளத்தாக்கின் வழியே மேகதாட்டைக் கடந்து ஒகேனக்கலை நோக்கிச் செல்கிறது காவிரி. இருகரையிலுமுள்ள காடுகள் 1987ஆம் ஆண்டில் காவிரி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. மாவட்டத்தின் தென்னெல்லையில், பந்திப்பூர்க் காட்டுக்கும் முதுமலைக்கும் இடையில், நீலகிரியில் தோன்றும் மோயாறு ஓடிப் பவானியைச் சேர்கிறது. இவ்விரு நீர்நிலைகளையும் வாசகர் நினைவில் இருத்திக்கொள்வது நலம்.

மீனின் இயல்பு

மஹசீர் கெண்டையினத்தைச் சேர்ந்தது. பெரிய செதில்களும், வாயோரத்தில் இரண்டு இணை மீசைகளும் உடையது. தாடையில் பற்கள் இல்லை. தொண்டையினுள் அமைந்த வலிய பற்களால் நண்டு, நத்தை ஆகியவற்றின் ஓட்டையும் நொறுக்கிவிடும். சிறுமீன், பாசி, ஆற்றோர மரங்களினின்றும் விழும் பழம் ஆகிய யாவும் இதற்கு உணவாம். மழைக்காலத்தில் வெள்ளத்தை எதிர்த்து மேல்நோக்கிச் சென்று, தூய நீரோடும் கூழாங்கற் படுகைகளில் முட்டையிடும். கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டைகளோடு ஒப்பிடின் இதன் முட்டைகள் தொகையிற் குறைந்தவை. நெடுங்காலம் வாழ்ந்து மெல்ல இனப்பெருக்கம் செய்யும் பிராணி எதுவாயினும், அதன் தொகை ஒருமுறை குன்றினால் மீள்வது அரிதாகும்.

காவிரிப் படுகையில் வாழும் திமில் மஹசீர், அக்குலத்திலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. தலைக்குப் பின்னால் முதுகு திமில்போல் உயர்ந்திருப்பதால் இப்பெயர் வழங்கலாயிற்று. 1946ஆம் ஆண்டில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பார் கபினி ஆற்றில் 120 ராத்தல், அதாவது சுமார் 54 கிலோகிராம் எடையுள்ள ஒரு மஹசீரைத் தூண்டிலிட்டுப் பிடித்தார். வளர்ந்த ஆளொருவரின் எடைக்கு நிகரான கெண்டை நம் ஆற்றில் வாழ்ந்தது என்பதற்கு இது சான்று.

தூண்டில் முகாம்களும் வழிகாட்டிகளும்

சுதந்திரத்திற்குப் பின் சில பத்தாண்டுகள் இம்மீனைப் பற்றிய பேச்சே அருகியது. வெடிமருந்தை நீரில் எறிந்து மீனைக் கொல்லும் கொடிய வழக்கம் பரவியதால், பெரிய மஹசீர்கள் அழிந்தொழிந்தன என்றே பலரும் எண்ணினர். 1977-78ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சிறு குழுவினர் காவிரியில் பெரிய மீன்களைத் தூண்டிலிற் பிடித்துக் காட்டவே, உலகின் கவனம் மீண்டும் இவ்வாற்றின்பால் திரும்பியது. தென்னிந்திய வனவிலங்குச் சங்கமும், கர்நாடக அரசின் நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் அமைப்பும் ஆற்றின் சில பகுதிகளைப் பாதுகாக்க முற்பட்டன. பீமேசுவரி, காளிபோரே, தொட்டமாக்களி ஆகிய இடங்களில் முகாம்கள் ஏற்பட்டன.

இம்முகாம்களின் விதி எளியது. பிடிக்கும் மீனை உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். விருந்தினரைப் பரிசலில் ஏற்றிச் சென்று, மடுவையும் நீரோட்டத்தையும் காட்டி, கேழ்வரகு மாவைப் பிசைந்து வேகவைத்த உருண்டையை முள்ளிற் கோத்துக் கொடுப்பவர் உள்ளூர் வழிகாட்டி. அவர்களுட் சிலர் முன்னர்த் திருட்டுத்தனமாக மீன் பிடித்து வந்தவர்களேயாவர். ஆற்றை அவர்களைப்போல் அறிந்தவர் வேறு எவருமிலர். உயிருள்ள மீனால் நிலையான ஊதியம் கிட்டத் தொடங்கியபின், அதனைக் காப்பதே அவர்களுக்கு ஆதாயமாயிற்று. முகாமின் காவலர்கள் ஆற்றோரம் சுற்றி வந்ததால் வெடி வைப்போரின் தொல்லையும் குறைந்தது.

பிடித்த மீனை விடுவதிலும் ஒரு முறை உண்டு. போராடிக் களைத்த மீனின் தசைகளில் அமிலம் சேர்ந்திருக்கும். அதற்கு உடனே பிராணவாயு தேவை. 20 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கக்கூடும். 30 டிகிரியிலோ சுமார் 7.5 மில்லிகிராமே கரையும். ஆகவே கோடையில் மீன் எளிதில் மூச்சுத் திணறும். அதனை நீருக்கு வெளியே நெடுநேரம் தூக்கிப் பிடித்தல் கூடாது. கைகளை நனைத்துக்கொண்டே தொட வேண்டும். உலர்ந்த கை அதன் மேற்பூச்சை உரித்துவிடும். தலையை நீரோட்டத்தின் எதிர்முகமாக வைத்துத் தாங்கியிருந்தால் செவுள்களின் வழியே நீர் பாயும். வலிமை பெற்றதும் அது தானே கையை விட்டு நீந்திச் செல்லும்.

பதிவேடு கூறியது

காளிபோரே முகாமில் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் தூண்டில் போடப்பட்டது, எத்தனை மீன்கள் அகப்பட்டன, அவற்றின் எடை என்ன, தோற்றம் எத்தகையது என்பன குறிக்கப்பட்டு வந்தன. 1998 முதல் 2012 வரையிலான இக்குறிப்புகளை ஆட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் ஆய்ந்து 2015ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மொத்தம் 23,620 மணி நேர முயற்சியில் 6,161 மஹசீர்கள் பிடித்து விடப்பட்டிருந்தன. அஃதாவது ஒரு மீனுக்குச் சராசரியாக 3 மணி 50 நிமிட உழைப்பு.

பிடிபட்ட தொகையை முயற்சியின் நேரத்தால் வகுத்துப் பார்ப்பது மீனியலில் ஒரு முக்கியமான அளவையாகும். பத்துப் பேர் நாள் முழுதும் முயன்று பிடித்த இருபது மீனையும், ஒருவர் அரை நாளிற் பிடித்த இருபது மீனையும் சமமாகக் கொள்ளல் தவறன்றோ? முயற்சி வேறுபட்டாலும் ஆண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட இவ்வளவை இடந்தருகிறது.

காளிபோரேயில் இவ்வளவை ஆண்டுதோறும் உயர்ந்தே வந்தது. தனி மீனின் சராசரி எடையோ குறைந்து வந்தது. குஞ்சுகள் பெருகி வளர்கின்றன, பாதுகாப்புப் பலனளித்துவிட்டது என்றே இதனைக் காண்போர் மகிழ்வர். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் அதே பதிவேட்டைத் தோற்றவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது காட்சி மாறியது. பெருகியவை நீலத்துடுப்புடைய மஹசீர்கள். காவிரிக்கே உரிய திமில் மஹசீரோ ஆண்டுக்காண்டு அருகி வந்தது. அகப்பட்ட சிலவும் பெரிய, முதிர்ந்த மீன்களே. இளமீன்கள் காணப்படாமை, இனப்பெருக்கம் தடைப்பட்டதைக் காட்டிற்று.

இதனை ஓர் உதாரணக் கணக்கால் விளக்கலாம். முதலாண்டில் பத்து மணி நேரத்தில் திமில் மீன் 4, நீலத்துடுப்பு மீன் 2, ஆக 6 அகப்பட்டன என்று கொள்வோம். பத்தாம் ஆண்டில் அதே நேரத்தில் திமில் மீன் 1, நீலத்துடுப்பு மீன் 9, ஆக 10. மொத்தத்தை மட்டும் எழுதியவர் வளர்ச்சி கண்டார். இனவாரியாக எழுதியவர் ஓரினத்தின் அழிவைக் கண்டார். எண்கள் பொய் கூறவில்லை. அவற்றைக் கூட்டிய முறையே உண்மையை மறைத்தது.

நீலத்துடுப்பு மீன் வந்த வழி

நீலத்துடுப்பு மஹசீர் தக்காணத்தைச் சேர்ந்தது. 1839ஆம் ஆண்டில் சைக்ஸ் என்பவர் புனா நகர்ப் பகுதி ஆற்றிலிருந்து இதனை விவரித்து, டார் குத்ரீ என்னும் விஞ்ஞானப் பெயரால் இன்று அழைக்கப்படும் இனத்தை உலகிற்கு அறிவித்தார். மஹாராஷ்டிரத்து லோனாவலாவில் டாட்டா மின்சார நிறுவனத்தார் 1970ஆம் ஆண்டுகள் முதல் இதனைச் செயற்கை முறையிற் பொரித்து வளர்த்தனர். மஹசீர் குறைந்துவிட்டதே என்னும் கவலையால், நல்லெண்ணத்தோடு அக்குஞ்சுகள் பல மாநில நீர்நிலைகளில் விடப்பட்டன. காவிரியும் அவற்றுள் ஒன்று. மஹசீர் யாவும் ஒன்றே என்ற எண்ணம் அக்காலத்தில் நிலவியது.

புதிதாக வந்த இனத்தை மட்டும் குறை கூறுவதும் பொருந்தாது. கண்ணம்பாடி, மேட்டூர், கபினி ஆகிய அணைகள் வலசைப் பாதையைத் துண்டித்தன. மணல் அள்ளுதல், கழிவு நீர், வெடி ஆகியனவும் சேர்ந்தன. இத்தகைய நிலையில் வந்த மீன் பெருக, உள்ளூர் மீன் குன்றியது.

பெயரின்றி மறைய இருந்த இனம்

உலகப் புகழ் பெற்ற இத்திமில் மீனுக்கு நெடுங்காலம் உறுதியான விஞ்ஞானப் பெயரே இல்லாதிருந்தது. பெயர் உறுதிப்படாத இனத்தை, அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிற் சேர்ப்பது இயலாது. காவிரியில் மாதிரி கிடைப்பதே அரிதாகிய நேரத்தில், முன்னர்க் கூறிய மோயாறு துணை செய்தது. அங்கு எஞ்சியிருந்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஆய்ந்து, 2018ஆம் ஆண்டில் இதன் அடையாளம் தெளிவாக்கப்பட்டது. கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து முன்னரே விவரிக்கப்பட்டிருந்த டார் ரெமாதேவியே என்னும் இனமே இது எனக் கண்டனர். பாம்பாறும் அமராவதி வழியே காவிரியைச் சேர்வதே. இந்திய மீனியல் அறிஞர் ரெமாதேவி அம்மையாரின் பெயரை இவ்வினம் தாங்கியுள்ளது. அவ்வாண்டிலேயே சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை மிகக் கடுமையான அழிவு அபாயத்திலுள்ள இனமாக அறிவித்தது.

இதற்கிடையே, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் கருதி, சரணாலயத்தினுள் தூண்டில் போடுதல் 2012ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. அதனோடு பதிவேடும் நின்றது. காவலின்றி ஆறு மீண்டும் வெடிக்கு இரையாகுமோ என ஆராய்ச்சியாளர் சிலர் அஞ்சினர். சரணாலயத்தில் பொழுதுபோக்குக்கு இடமில்லை என்பது மறுபக்கத்தார் கருத்து. இருதிறத்தாரும் மறுக்கவியலாத ஒன்று, எண்ணுவோர் இல்லாத ஆற்றில் எது மறைகிறது என்பது எவருக்கும் தெரியாது என்பதாகும்.

பிடித்து விடுதல் எங்கும் பொருந்துமா?

பிடித்த மீனை நீரிலேயே விடுவது எவ்விடத்தும் நன்று என்று கொள்ளலாகாது. ஜப்பான் நாட்டு பீவா ஏரியில் அமெரிக்க பாஸ் மீன் புகுந்து, அவ்வேரிக்கே உரிய மீன்களுக்குக் கேடு விளைத்தது. ஆதலின் பிடித்த பாஸ் மீனை அவ்வேரியில் திரும்ப விடுவதை அப்பகுதி அரசு 2003ஆம் ஆண்டு முதல் தடை செய்தது. எதனை விடவேண்டும், எதனை விடலாகாது என்பது இனத்தை அறிந்த பின்னரே முடிவு செய்யத்தக்கது.

களப்பணியாளரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டியவை

1. கணக்கெடுப்பில் முயற்சியின் நேரத்தையும், ஒன்றுமே அகப்படாத நாளையும் தவறாது குறிக்க வேண்டும். வெறுமையான நாளும் ஒரு செய்தியே.

2. ‘மஹசீர்’ என்று மட்டும் எழுதாமல் அடையாளத்தை எழுத வேண்டும். உயர்ந்த முதுகும் செம்மஞ்சள் நிற வாலும் திமில் மஹசீரைக் குறிக்கும்; நீலச்சாயல் படிந்த துடுப்புகள் மற்றதைக் குறிக்கும். ஐயமுண்டாயின் ‘ஐயம்’ என்றே எழுதுக.

3. நீளத்தைக் குறிப்பதால் இளமீன்கள் உளவா என்பது விளங்கும். முதிர்ந்தவை மட்டும் காணப்படின் அதனை நற்செய்தியாகக் கொள்ளலாகாது.

4. குஞ்சுகளை விடுமுன், அவ்வினம் அவ்வாற்றுப் படுகைக்கே உரியதா என உறுதி செய்துகொள்ள வேண்டும்.

5. ஆசிரியர்கள் மேற்கண்ட உதாரணக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, முதலில் மொத்தத்தையும் பின்னர் இனவாரியையும் மாணவர்களைக் கொண்டே வரைபடமாக்கலாம். ஊர்க் குளத்து மீன், பள்ளி மரத்துப் பறவை ஆகியவற்றிற்கும் இம்முறை பொருந்தும்.

மோயாற்றில் திமில் மஹசீர் இன்னும் உள்ளது. அவ்வாற்றின் இருகரையும் காவற்காடுகளாதலின், அங்கு பணிபுரிவோரின் நாட்குறிப்பில் இனவாரியாக எழுதப்படும் ஒவ்வொரு வரியும், அம்மீனைக் காக்க முற்படுவோருக்கு இன்றியமையாத ஆதாரமாக அமையும்.