வீடே வைத்தியசாலை

க்ஷயரோகம் என்று டாக்டர் சொன்னால் ஒரு காலத்தில் குடும்பமே இடிந்து போகும். நோயாளியை ஸானடோரியத்துக்கு அனுப்பியாக வேண்டும். வீட்டில் வைத்துக்கொண்டால் குழந்தைகளுக்கும் தொற்றிவிடும் என்று அஞ்சினார்கள். ஆனால் ஏழை நாட்டில் அத்தனை பேருக்கும் படுக்கை ஏது?

1956-ல் சென்னையில் தோன்றிய க்ஷய ஆராய்ச்சி நிலையம் இதைப் பரீட்சித்துப் பார்த்தது. 193 ஏழை நோயாளிகளைப் பாரபட்சமின்றி இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நல்ல ஆகாரத்துடன் ஸானடோரியத்தில் வைத்தார்கள். மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளில் இருந்தபடியே அதே மருந்துகளை ஓராண்டு உட்கொண்டார்கள்.

1959-ல் முடிவு வெளியாயிற்று. இரு சாராரும் ஏறக்குறைய ஒரேயளவில் குணமடைந்திருந்தார்கள்! வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை.

உலகமே பின்னர் இவ்வழியில் திரும்பிற்று. மருந்தைப் பாதியில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்வதே வீட்டாரின் கடமை. நோயாளியை விலக்கி வைப்பதன்று.