விலாசம் மாறிய வலைத்தளம்

ஒரு வியாபார ஸ்தாபனம் தன் வலைத்தளத்தைப் புதுப்பிக்கத் தீர்மானித்தால், அதன் யோசனையெல்லாம் பெரும்பாலும் வர்ணத்திலும் எழுத்திலும் படங்களிலுமே நின்றுவிடுகிறது. பழைய பக்கங்களின் விலாசங்கள் என்ன ஆகும் என்று யாராவது கேட்பதற்குள் புதிய தளம் அரங்கேறிவிடுகிறது. சில வாரங்கள் சென்றபின், கூகுள் தேடலில் முன்வரிசையில் வந்துகொண்டிருந்த பக்கங்கள் எங்கோ பின்னால் போய்விட்டன என்றும், பணம் கொடுத்துப் போட்ட விளம்பரங்களால் நடந்த விற்பனைக்குக் கணக்குத் தெரியவில்லை என்றும் புகார்கள் எழும்போது, பழி தேடுபொறியின்மேல் விழுகிறது. ஆனால் இவ்விரு நஷ்டங்களுக்கும் மூலகாரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: விலாசத்தை மாற்றியவர்கள், மாற்றிய செய்தியை உரிய முறையில் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

தேடுபொறியின் ஞாபகம் முழுவதும் விலாசத்தைப் பற்றிக்கொண்டே நிற்கிறது. ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் வெளியிட்ட கட்டுரையின் ஆதார எண்ணம் இது: ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதைவிட, பிறர் தங்கள் பக்கங்களிலிருந்து அதற்குத் தரும் இணைப்புகளே நம்பத்தக்க சாட்சியம், அந்தச் சாட்சியத்தின் கனமும், சாட்சி சொல்பவரின் மதிப்பைப் பொறுத்தே அமையும். இன்று கூகுள் வேறு எத்தனையோ அம்சங்களைச் சேர்த்துப் பார்க்கிறதென்றாலும், பிறர் தந்த இணைப்புகளுக்கு உள்ள மரியாதை அற்றுப்போய்விடவில்லை. அந்த இணைப்புகளோ பொருளைச் சுட்டுவதில்லை, விலாசத்தையே சுட்டுகின்றன. ஆகையால், பல வருஷங்களாக நற்பெயர் சேர்த்த ஒரு பக்கத்தின் விலாசத்தில் ஓர் எழுத்து மாறினாலும், வலையைச் சுற்றிவரும் கூகுளின் யந்திரம் அதை இதுவரை கண்டிராத ஒரு பக்கமாகவே எடுத்துக்கொள்கிறது.

இதற்குப் பரிகாரம் வலையின் ஆதிவிதிகளிலேயே இருக்கிறது. நாம் ஓர் இணைப்பைச் சொடுக்கியவுடன் பிரவுசர் அந்தப் பக்கத்தைச் சர்வரிடம் கேட்கிறது. சர்வர் தன் பதிலின் முதல் வரியிலேயே மூன்று இலக்க எண் ஒன்றைச் சொல்கிறது. 200 என்றால் கேட்டது இருக்கிறது. 404 என்றால் இல்லை. 301 என்றால், அது நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று பொருள். அதோடு ‘லொகேஷன்’ என்று தொடங்கும் ஒரு வரியில் புதிய விலாசமும் வந்துசேர, பிரவுசர் மறுபேச்சின்றி அங்கே போய்விடுகிறது. குடிபோனவர் வாசற்கதவில் ஒட்டிவிட்டுப் போகும் சீட்டுக்கு ஒப்பான இந்தப் பதிலை, தேடுபொறியின் யந்திரமும் படித்து, பழைய விலாசத்துக்குச் சேர்ந்திருந்த மதிப்பைப் புதியதற்கு மாற்றி எழுதிக்கொள்கிறது. 1996இல் வெளியான எச்டிடிபி 1.0 விதி ஆவணத்திலேயே 301 இடம்பெற்றுவிட்டது. அதன் பக்கத்திலேயே நிற்கும் 302, இடமாற்றம் தற்காலிகமானது என்று சொல்வது. நிரந்தரமாகக் குடிபோனவர்கள் கவனக்குறைவால் இதை எழுதிவைத்தால், தேடுபொறி பழைய விலாசத்தையே பட்டியலில் வைத்துக்கொண்டிருக்க நேரலாம்.

ரீடைரக்ட் என்று தொழிலில் உள்ளவர்கள் வழங்கும் இந்த ஏற்பாட்டில் வேலை முழுவதும் பட்டியல் போடுவதில்தான் இருக்கிறது. பழைய பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேரான புதிய பக்கம் எது என்று ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். அந்தச் சிரமத்துக்கு அஞ்சி, எல்லாப் பழைய விலாசங்களையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவது பரவலான வழக்கம். ஒரு குறிப்பிட்ட செருப்பைத் தேடி வந்தவரைக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் இத்தகைய ரீடைரக்டைக் கூகுள், பக்கம் இல்லை என்ற பதிலுக்குச் சமமாகவே பாவிக்கக் கூடும். ஒரு விலாசம் இரண்டாவதற்கும், அது மூன்றாவதற்கும் அனுப்புகிற சங்கிலிகளும் நல்லதல்ல. கூகுளின் யந்திரம் அதிகபட்சம் பத்து தாவல்கள்வரை தொடரும் என்றாலும், ஒரே தாவலில் போய்ச் சேர்வதே உத்தமம்.

விளம்பரக் கணக்கு தவறுவது இதனினும் சூட்சுமமான விஷயம். கூகுள் விளம்பரம் ஒன்றை ஒருவர் சொடுக்கினால், போகும் பக்கத்தின் விலாசத்துக்குப் பின்னே ஒரு கேள்விக்குறியும், ‘ஜிகிளிட்’ (gclid) என்ற பெயரும், எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட அடையாளம் ஒன்றும் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. பக்கத்தில் உள்ள நிரல் அதைப் படித்து, பிரவுசரில் தங்கும் ‘குக்கீ’ என்ற சிறு குறிப்பில் பத்திரப்படுத்துகிறது. அந்த வாடிக்கையாளர் பின்னால் பொருள் வாங்கும்போது, விற்பனை இன்ன சொடுக்கினால் விளைந்தது என்று கணக்கு எழுதப்படுகிறது. ரீடைரக்ட் விதியை எழுதியவர் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதைப் புதிய விலாசத்தில் சேர்க்க மறந்தால், பக்கம் குறையின்றித் திறக்கும், விற்பனையும் நடக்கும். அடையாளம் மட்டும் வழியில் உதிர்ந்துபோயிருக்கும். கண்ணுக்குத் தெரிகிற பிழை எதுவும் இல்லாததால் யாரும் சந்தேகிப்பதில்லை. விலாசங்களையெல்லாம் ஒழுங்குபடுத்துவதாக எண்ணி ஆங்கிலப் பெரிய எழுத்துக்களைச் சிறிய எழுத்துக்களாக மாற்றும் சர்வர்களும் உண்டு. ஜிகிளிட்டில் இரண்டும் வெவ்வேறாகையால், அந்த ஒழுங்கே அடையாளத்தை அழித்துவிடுகிறது. சோதிப்பதோ மிக எளிது: பழைய விலாசத்தின் கடைசியில் கேள்விக்குறியும் ஜிகிளிட் என்ற பெயரும் சமக்குறியும் சேர்த்து, பெரியதும் சிறியதுமான சில எழுத்துக்களைத் தட்டிப் போய்ப் பார்த்தால், புதிய பக்கத்தின் விலாசப் பட்டையில் அவை மாறாமல் நிற்க வேண்டும். இந்த ஒட்டுக்களால் ஒரே பக்கம் பல விலாசங்களில் தோன்றுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. மூல விலாசம் எது என்று பக்கத்துக்குள்ளேயே குறிக்கும் ‘கனானிகல்’ என்ற ஏற்பாட்டைக் கூகுள், யாஹூ, மைக்ரோசாப்ட் மூன்றும் 2009 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டுவிட்டன.

தன் விளம்பரத்தால் தன் கடைக்கு யார் வந்தார் என்று ஒருவர் கணக்கு வைப்பது நியாயமே என்பது என் அபிப்பிராயம். கடைக்குக் கடை ஒருவரைப் பின்தொடர்ந்து அவர் சரித்திரத்தையே எழுதுவது வேறு காரியம். 1994இல் நெட்ஸ்கேப்பில் பணிபுரிந்த லூ மாண்டுல்லி குக்கீயை உருவாக்கியபோது, ஒரு தளம் தன்னிடம் வந்தவரை ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் போடும் மூன்றாமவர் தம் குக்கீயை எல்லாத் தளங்களிலும் பதித்ததால்தான் வேவு பிறந்தது. சபாரி பிரவுசர் 2020 மார்ச்சில் மூன்றாமவர் குக்கீகளை முற்றிலும் தடுத்தது சரியான செய்கை. குரோமும் அவ்வாறே செய்யும் என்று அதே ஆண்டில் அறிவித்த கூகுள், 2024இல் அந்த முடிவைக் கைவிட்டது வருந்தத்தக்கது.

ரீடைரக்டை எத்தனை காலம் வைத்திருப்பது? குறைந்தபட்சம் ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். தேடுபொறிக்கு அது போதலாம், மனிதர்களுக்குப் போதாது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோளாகக் காட்டப்பட்ட வலை விலாசங்களில் ஏறக்குறையப் பாதி, சுட்டிய விஷயத்தைக் காட்டவில்லை என்று ஹார்வர்டு சட்ட அறிஞர்கள் கண்டறிந்தார்கள். வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல விலாசங்கள் மாறக் கூடாது என்று 1998லேயே வற்புறுத்தி எழுதினார். லண்டன் கார்டியன் பத்திரிகை 2013 ஜூலையில் தன் டொமைன் பெயரையே மாற்றிக்கொண்டபோது, பழைய பெயரைக் கைவிடாமல், அதில் வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிட்டது. பழைய பெயரைப் புதுப்பிக்க ஆகும் வருஷக் கட்டணம் சொற்பம். அதைக் கட்டத் தவறினால், காலாவதியான பெயர்களுக்காகவே காத்திருப்பவர்கள் அதை வாங்கி, பிறர் இத்தனை காலம் தந்த இணைப்புகள் அனைத்தையும் தங்கள் சரக்குக்குத் திருப்பிக்கொள்கிறார்கள்.