லாரி அச்சும் பிரேக்கும் பேணும் முறை

கரும்பும் நெல்மூட்டையும் ஏற்றிச் செல்லும் பொருட்டு மிராசுதார்களிற் சிலர் சொந்தமாகவே லாரி வைத்திருக்கின்றனர். அச்சைப் பேணுவதில் மட்டும் மாட்டுவண்டிக்குரிய பழைய வழக்கத்தையே அவர்கள் கைக்கொள்வதுண்டு. மாட்டுவண்டியின் இருசில் மை எவ்வளவு அப்பினும், மிகுதி வழிந்து மண்ணில் விழுமேயன்றிக் கெடுதி யாதுமில்லை. லாரியிலோ சக்கரக் குடத்தை ஒட்டியே பிரேக் டிரம் அமைந்துள்ளது. குடத்தில் கிரீஸை அளவுக்கு மேல் திணித்தால், ஓட்டத்தில் அது சூடேறி இளகி, ஆயில் சீலைக் கடந்து பிரேக் பட்டையில் படியும். அச்சுக்குச் செய்த உபசாரமே பிரேக்குக்குக் கேடாய் முடியும். ஒரு பக்கத்துப் பட்டை மாத்திரம் நனைந்திருப்பின், மிதித்தவுடன் வண்டி பெரும்பாலும் மறுபக்கம் இழுக்கும். முழுப் பாரத்துடன் இறக்கத்தில் வரும்போது இது உயிருக்கே அபாயமாகும்.

ஆதலால் பேரிங்கின் உருளைகளுக்கிடையே கிரீஸை நன்றாய்ப் புகட்டி, குடத்தின் வெற்றிடத்தை முழுதும் அடைக்காமல் விடுதல் வேண்டும். குடத்தைக் கழற்றுந்தோறும் சீலைப் புதிதாய் மாற்றுக. அச்சு நட்டைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே முறுக்கி, பின்பு வண்டி செய்தோர் குறித்த அளவு தளர்த்திப் பூட்டவேண்டும். இறுகினால் பேரிங் கருகும்; தளர்ந்தால் சக்கரம் ஆடிச் சீலைக் கெடுக்கும். பயணம் முடிந்ததும் புறங்கையைக் குடங்களின் அருகே கொண்டுசென்று பார்க்க, ஒன்று மட்டும் மிகக் கொதித்தால் அங்கே பேரிங் இறுகியதோ, பிரேக் விடுபடவில்லையோ எனச் சோதிப்பது அவசியம்.

கிரீஸ் ஊறிய பட்டையைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் மாட்டுவது சிக்கனமன்று. உள்ளூறியது சூட்டில் திரும்பக் கசியும். ஓரச்சின் இருபுறத்துப் பட்டைகளையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

வேலை தொடங்குமுன் வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்துக. பல லாரிகளில் கைப்பிரேக் பின்சக்கரங்களையே பிடிப்பதால், பின்னச்சைத் தூக்கியபின் அதனால் பயனில்லை. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்தேயாக வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கன்று. அச்சின் கீழ் இரும்பு ஸ்டாண்டு வையாமல் எவரும் உள்ளே நுழையலாகாது. செங்கல் அடுக்கு பாரத்தில் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

டிரம்மிலுள்ள தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதுதல் கூடாது. பழைய பட்டைகளிற் கல்நார் கலந்திருக்கக் கூடும். அதன் தூசி நுரையீரலிற் புற்றுநோயை விளைவிக்கும். பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டிலேயே கல்நார் தடுக்கப்பட்டது. ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் பையிற் கட்டி அகற்றுக. காற்றுப் பிரேக் வண்டிகளில், பின்னச்சையொட்டிய ஸ்பிரிங் சேம்பரை வீட்டில் திறப்பது பெருந்தவறு. உள்ளே நெருக்கி அடைக்கப்பட்ட சுருள்வில் தெறித்து ஆளைக் கொல்ல வல்லது. அதனை உரிய பட்டறைக்கே அனுப்பவேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியதும் ஒன்றுண்டு. நடுவழியில் பழுதுபார்த்த லாரிகள் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த பாறாங்கற்களைச் சாலையிலேயே விட்டுச் செல்கின்றன. இருட்டில் வரும் சைக்கிள்காரர் அதில் மோதி விழுவர். வண்டி புறப்படுமுன் அக்கற்களை ஓட்டுநரைக் கொண்டே அப்புறப்படுத்தச் செய்யலாம்.