குருதிக் குழாயும் குடும்ப வழியும்

தாத்தாவுக்கு வலிப்பு. சித்தப்பாவுக்குத் தீராத தலைவலி. பேத்திக்கோ இருபது வயதில் மூளையில் குருதிக் கசிவு. இவை மூன்று வெவ்வேறு நோய்கள் என்பார் ஒருவர். குடும்பத்தைப் பிடித்த சாபம் என்பார் இன்னொருவர். மூன்றுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்கிறது அறிவியல்.

மூளையின் நுண்ணிய குருதிக் குழாய்கள் சில, சுவர் மெலிந்து புடைத்து, மல்பெரிப் பழம்போல் கொத்தாகத் திரண்டுவிடுவதுண்டு. 'கேவர்னோமா' என்பது அதன் பெயர். சுவரின் உயிரணுக்கள் இறுகப் பிணைந்து நில்லாமையால் குருதி சிறிது சிறிதாகக் கசிகிறது. ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பலர் அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். பெரும்பாலோர்க்கு இருப்பது ஒரே கொத்து. அது பெரும்பாலும் பரம்பரையால் வருவதன்று. பல கொத்துகள் தென்பட்டால் பரம்பரையை ஐயுற வேண்டும்.

இதற்குக் காரணமான மரபணுக்கள் மூன்று: 1999-இல் கேஆர்ஐடி1, 2003-இல் சிசிஎம்2, 2005-இல் பிடிசிடி10 என ஒவ்வொன்றாக அறியப்பட்டன. ஒவ்வொரு மரபணுவும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என நம்மிடம் இரண்டாக இருக்கிறது. ஒன்று பழுதாகப் பிறந்தவரின் குழாய்ச் சுவரில், ஏதேனும் ஓர் உயிரணுவில் மற்றதும் பழுதானால் அங்கே கொத்து முளைக்கிறது. பெற்றோரில் ஒருவரிடம் பழுது இருந்தாலே போதும்; ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆதலால் மாமன் மகளை மணந்ததால் வந்தது என்று பழி கூறுதல் இங்கே பொருந்தாது. அயலில் மணந்தாலும் வாய்ப்பு அதுவே.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஸ்பானியர் 1598-இல் குடியேறத் தொடங்கினர். அவர்கள் வழிவந்த பல குடும்பங்களில் இன்று கேஆர்ஐடி1-இன் ஒரே பழுது காணப்படுகிறது. பழைய முன்னோர் ஒருவரிடமிருந்து அது பரவியது என்பர் ஆய்வாளர்.

அந்தமான் நிக்கோபாரில் வாழும் தமிழராகிய நாமும் குடியேறியவர்களே அன்றோ! 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து வந்தோரில் சிலர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் அமர்ந்தனர்; பலர் நீலகிரிக்குச் சென்றனர். ஒரு குடும்பம், இரு கரைகள்! என் தந்தையார் இராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஊரிலிருந்த பெரியப்பா எதனால் இறந்தார் என்று கேட்டால், "திடீரென்று விழுந்தார்" என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் விடையில்லை.

எம்.ஆர்.ஐ. படம் கொத்தைக் காட்டும், வலிப்புக்கு மருந்துண்டு, கசியும் கொத்தைச் சிலருக்கு அறுவையால் அகற்றலாம். ஆனால், "குடும்பத்தில் வேறு யாருக்கேனும் உண்டா?" என்ற மருத்துவரின் கேள்விக்கு எந்த இயந்திரமும் விடை கூறாது. பெண் கொடுக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள் என்றஞ்சி நோயை மறைக்கும் வீடு, அக்கரையிலுள்ள தன் சொந்த இரத்தத்திற்கே எச்சரிக்கையை மறுக்கிறது.

நண்பர்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது பாட்டியின் அருகில் அமருங்கள். யார் யார், எந்த வயதில், எதனால் துன்புற்றனர் என்று கேட்டு எழுதி வையுங்கள். நம்மிடையே ஒருவருக்கு இந்நோய் தெரியவந்தால், இக்கரைக்கும் அக்கரைக்கும் ஒருங்கே செய்தி செல்லட்டும்.