முதுகெலும்பும் இடுப்பும்

'நேராக நில்' என்று பெரியோர் சிறுவர்க்குக் கூறுவது வழக்கம். அவ்வாறு நேராக நிற்கும் ஒருவனுடைய முதுகெலும்பும் கோலைப் போல நேராகவா இருக்கிறது? இல்லை. அவனைப் பக்கவாட்டில் நின்று நோக்கினால், முதுகெலும்பு கழுத்தில் முன்னோக்கியும், மார்பின் பின்புறத்தே பின்னோக்கியும், இடுப்புக்கு மேலே மீண்டும் முன்னோக்கியும் வளைந்து செல்வதை அறியலாம். இவ்வளைவுகளே தலையின் பாரத்தை இடுப்பிற்கு நேராகத் தாங்கி, நம்மை நிமிர்ந்து நிற்கச் செய்கின்றன.

குழந்தை பிறக்கும்பொழுது முதுகெலும்பில் பொதுவாக 33 முள்ளெலும்புகள் உள்ளன. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புக்கு மேலே 5 என்னும் 24 எலும்புகளும் தனித்தனியே அசைவன. அவற்றின் கீழுள்ள 5 எலும்புகள் வளர்ச்சியில் ஒன்றுகூடித் திரிக எலும்பு ஆகின்றன. இறுதியிலுள்ள சிற்றெலும்புகள் இணைந்து வாலெலும்பு ஆகின்றன. திரிக எலும்பு இரண்டு இடுப்பெலும்புகளுக்கிடையே ஆப்பு வைத்தாற்போலப் பொருந்தியிருக்கிறது. எனவே இடுப்பே முதுகெலும்பிற்கு அடித்தளம் எனலாம்.

சாய்வான பீடத்தின்மேல் கற்களை அடுக்குவதாக வைத்துக்கொள்வோம். பீடம் எவ்வளவு சாய்ந்துள்ளதோ, அவ்வளவுக்கு அடுக்கை எதிர்ப்புறம் வளைத்தாலன்றி அது நில்லாது. திரிக எலும்பின் மேற்பரப்பும் அத்தகைய சாய்ந்த பீடமேயாகும். அப்பரப்பும் தொடையெலும்பின் தலையும் ஒன்றற்கொன்று அமைந்துள்ள நிலையை ஒரு கோணத்தால் அளக்கலாம் என்று பிரான்சு நாட்டு அறிஞர்கள் 1990-களில் விளக்கினர். வளர்ந்தவர்களிடம் இக்கோணம் சராசரியாக 50 பாகை அளவினது. ஆயினும், ஒருவரிடம் 35 பாகையாகவும் மற்றொருவரிடம் 75 பாகையாகவும் அது இருக்கக்கூடும். கோணம் பெரிதாயின் கீழ் முதுகின் வளைவும் பெரிதாதல் வேண்டும்; சிறிதாயின் சிறு வளைவே போதும்.

இவ்வமைப்பு வயதுக்கேற்ப மாறுகிறது. பிறந்த குழந்தையின் முதுகு வில்லைப் போல ஒரே வளைவாக உள்ளது. தலையை நிமிர்த்தப் பழகும்பொழுது கழுத்து வளைவும், எழுந்து நின்று நடை பயிலும்பொழுது கீழ் முதுகு வளைவும் உருப்பெறுகின்றன. இடுப்புக் கோணமும் இளம்பருவம் முழுதும் மெல்லப் பெருகி, வளர்ச்சி முடிந்தபின் ஏறத்தாழ நிலைபெறுகிறது. முதுமையில் முள்ளெலும்புகளுக்கிடையே உள்ள மெத்தை போன்ற தட்டுகள் தேய்கின்றன. கீழ் முதுகின் வளைவு குறைகிறது. மேல் முதுகு கூனுகிறது. உடல் முன்சாய்ந்து வீழாதிருக்க, இடுப்பு பின்னோக்கிச் சுழல்கிறது. அதுவும் போதாதபொழுது முழங்கால்கள் மடிகின்றன. முதியவர் முழங்கால் மடித்து நடப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டா? பிரான்சு, ஜப்பான், சிங்கப்பூர், துனீசியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் முதுகு நோயற்ற மக்களை அளந்து ஒப்பிட்டுள்ளனர். இத்தகைய ஆய்வுகள் சிலவற்றில், கிழக்காசிய மக்களின் கீழ் முதுகு வளைவு, ஐரோப்பிய வழியினருடையதைவிடச் சராசரியில் சிறிது குறைந்து காணப்படுகிறது. ஆயினும் இவ்வேறுபாடு சில பாகைகளே. ஒரே இனத்தைச் சேர்ந்த இருவர்க்கிடையே காணும் வேறுபாடு அதனினும் பன்மடங்கு பெரிது. ஆகவே ஒரு நாட்டு மக்களின் சராசரியைப் பிற நாட்டார்க்கு அளவுகோலாகக் கொள்வதும் தவறு. இனத்தின் பெயரைக் கொண்டே ஒருவரின் முதுகை மதிப்பிடுவதும் தவறு.

இவ்வறிவு வெறும் ஏட்டறிவன்று. அமெரிக்க மருத்துவர் பால் ஹாரிங்டன், பக்கவாட்டில் கோணிய முதுகை உலோகக் கோல் பொருத்தித் திருத்தும் முறையை 1962-இல் வெளியிட்டார். அதனால் நன்மையடைந்த சிறார் பலர். எனினும் அக்கோல் கீழ் முதுகுவரை நீண்டபொழுது, அங்கிருக்க வேண்டிய இயற்கை வளைவும் மறைந்தது. அவர்களுள் சிலர் பிற்காலத்தில் நிமிர்ந்து நிற்க இயலாது, முன்சாய்ந்து வலியுற்றனர். கோணலை நீக்கிய கோல் வேண்டிய வளைவையும் நீக்கிவிட்டது! இன்று அறுவை மருத்துவர்கள் ஒவ்வொருவரின் இடுப்புக் கோணத்தையும் வயதையும் அறிந்த பின்னரே எவ்வளவு வளைவு வேண்டும் என்று முடிவு செய்கின்றனர்.

மாணவர்களே! உங்கள் தோழன் ஒருவனுடைய இடுப்பு வளைவு மிகுந்தும், மற்றொருவனுடையது குறைந்தும் தோன்றலாம். அவை பெரும்பாலும் குறைகள் அல்ல. அவரவர்க்கு இயற்கை வகுத்த அளவுகள். ஆனால் ஒரு தோள் உயர்ந்து மறு தோள் தாழ்ந்து, முதுகு பக்கவாட்டில் கோணுமாயின், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டல் வேண்டும். ஓடி ஆடித் தசைகளை வலுப்படுத்துங்கள். நெடுநேரம் குனிந்தே இராதீர்கள். நிமிர்ந்து நிற்றல் என்பது பிறரைப் போல் நிற்பதன்று. தமக்குரிய வளைவோடு தளராது நிற்பதேயாகும்.