பக்கவாதமும் எலும்பு முறிவும்

பக்கவாதத்தால் ஒரு புறத்துக் கைகால் விளங்காமற்போன ஒருவர், தேனியை அடுத்த க. விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பிறிதோரிடத்திலோ சிகிச்சையும் நடைப்பயிற்சியும் பெற்று, கம்பத்திலோ சின்னமனூரிலோ உள்ள தம் இல்லத்திற்குத் திரும்பி நடமாடுவாராயின், சுற்றத்தார் இனி அச்சமில்லை என்று மகிழ்வர். அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும், நடக்கத் தொடங்கியவரே விழுதற்கும் உரியவர் என்பதை நாம் மறத்தலாகாது.

அவர் விழுவதேன்? வலுவிழந்த காலின் முன்பாதம் நன்கு உயராமையால் விரல்கள் தரையில் இடறும். திரும்புங்கால் உடல் நிலைதவறும். சிலருக்கு ஒரு பக்கத்துப் பார்வை குன்றியிருக்கும். சிலருக்கு எழுந்தவுடன் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றும்.

விழுந்தால் எலும்பு முறிவதேன்? எலும்பு உழைப்பினால் உறுதி பெறுவது. உடற்பாரத்தைத் தாங்காத கால், சில மாதங்களுக்குள்ளேயே சுண்ணாம்புச் சத்தை இழந்து மெலிகின்றது. இம்மெலிவு நோவின்றி நிகழ்வதால் ஒருவரும் அறியார். நோயாளர் பெரும்பாலும் அப்பக்கமாகவே சாய்ந்து விழுவர். அப்பக்கத்துக் கையோ விரைந்து ஊன்றமாட்டாது. ஆதலின் மெலிந்த எலும்பே அடியைத் தாங்க நேர்கின்றது. இடுப்பையடுத்த தொடையெலும்பு முறிவதற்கு இதுவே முக்கிய காரணம்.

மருத்துவமனையில் நடை பயின்ற தரை சமமானது. நம் முல்லைப்பெரியாற்றுப் பள்ளத்தாக்கின் வீடுகளிலோ உயர்ந்த வாயிற்படியும், ஈரமான முற்றமும், புறக்கடைக் கழிப்பிடமும் உள்ளன. வீட்டார் விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டங்களுக்குச் சென்றபின் முதியவர் தனித்திருப்பதும் உண்டு. அவர் எலும்பு முறிந்து கிடப்பாராயின், அவர் நடையோடு வீட்டார் கூலியும் நின்றுவிடும்.

அவ்வச்சத்தால் அவரைக் கட்டிலிலேயே இருத்தி வைத்தல் நன்றோ? அன்று. அசையாதிருப்பின் தசையும் எலும்பும் மேலும் தளர்ந்து, அடுத்த வீழ்ச்சிக்கு அதுவே வழியாகும்.

செய்யத்தக்கவை எளியவையே. கழிப்பிடச் சுவரில் கைப்பிடியும், இரவில் சிறு விளக்கும் அமைக்கலாம். எழுமுன் சற்றே அமர்ந்திருத்தல் நலம். கைத்தடி நல்ல கையில் இருக்கவேண்டும். துணை செல்வோர் வலுவிழந்த பக்கத்தில் நிற்கவேண்டும். தூக்க மாத்திரை, கண்பார்வை, எலும்பின் உறுதி ஆகியவற்றைக் குறித்து மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும். பயிற்சியை இடையில் நிறுத்தலாகாது. 2021ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம், இயன்முறைச் சிகிச்சையை வீட்டிற்கே கொணர்வதையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது.

விழுந்தவரின் இடுப்பு நோவுமாயினும், கால் குறுகி வெளிப்புறம் திரும்பியிருக்குமாயினும், அவரை இழுத்து நிறுத்தாது 108 ஊர்தியை அழைக்கவேண்டும். மருத்துவமனை நடக்கக் கற்பித்து அனுப்புகின்றது. அந்நடையைக் காக்கும் கடமை இல்லத்தாராகிய நம்முடையதன்றோ?