நிறையாத செப்டிக் டேங்க்

மஞ்சள் காமாலையோடு வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உங்க வீட்டு செப்டிக் டேங்க் எங்கே இருக்கு?"

நோயாளியும் கூட வந்தவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கண் மஞ்சளாக இருக்கிறது, சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று வந்தால், டாக்டரம்மா கக்கூஸ் தொட்டியைப் பற்றி விசாரிக்கிறாரே என்று நினைப்பார்கள் போலும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "போர்டிகோவுக்குக் கீழே எங்கேயோ இருக்குங்க. மேலே டைல்ஸ் ஒட்டிட்டோம்" என்பார்கள். கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்று கேட்டால் குரலில் பெருமை வந்துவிடும். "வீடு கட்டிப் பதினேழு வருஷம் ஆச்சு டாக்டர். இதுவரைக்கும் நிறைஞ்சதே இல்லை!"

அந்தப் பெருமைதான் எனக்குக் கவலை தருகிறது. ஐந்து பேர் அன்றாடம் பயன்படுத்தும் தொட்டி பதினேழு ஆண்டுகளாக நிறையவில்லை என்றால், உள்ளே போனதெல்லாம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. எங்கே போகிறது என்பதற்கான பதில், பல சமயம் என் எதிரே மஞ்சள் கண்ணோடு உட்கார்ந்திருக்கிறது.

மழைக்குப் பின் வரும் கூட்டம்

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் இதைப் பார்க்கிறேன். அக்டோபர், நவம்பரில் நிலத்தடி நீர் மேலே ஏறுகிறது. விரிசல் விட்ட தொட்டியின் கழிவும் பக்கத்துக் கிணற்றின் ஊற்றும் மண்ணுக்குள் கலக்கின்றன. அன்றைக்கே யாருக்கும் எதுவும் ஆவதில்லை. டைபாய்டு தலைகாட்ட ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். ஹெபடைடிஸ் ஏ இரண்டு முதல் நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும். ஹெபடைடிஸ் ஈ சில நேரம் இரண்டு மாதம்கூட ஒளிந்திருக்கும். பொங்கல் நேரத்தில் படுக்கிறவர், ஐப்பசி மழையில் குடித்த தண்ணீரை எப்படி நினைப்பார்? முந்தின வாரம் சாப்பிட்ட பரோட்டாவின் மேல் பழியைப் போட்டுவிட்டு, அதே தண்ணீரைத் தொடர்ந்து குடிக்கிறார்.

ஒரே தெருவிலிருந்து முதலில் அப்பா, அடுத்த வாரம் இரண்டு பிள்ளைகள், பிறகு எதிர்வீட்டுப் பாட்டி என்று வரிசையாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதே தெருவில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவருக்குப் பன்னிரண்டு நாள் பச்சிலை கொடுத்துவிட்டு, பேச்சு குழறத் தொடங்கிய பிறகு தூக்கி வந்தார்கள். ஹெபடைடிஸ் ஈ எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால், நூறு பேரில் இருபது, இருபத்தைந்து பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அந்தப் பன்னிரண்டு நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

1955இல் டெல்லியில் யமுனைக் குடிநீரில் சாக்கடை கலந்தபோது சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அதற்குக் காரணம் ஹெபடைடிஸ் ஈ என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. ஊர் அளவில் அங்கே நடந்தது, தெரு அளவில் நம்மிடம் வருடந்தோறும் நடக்கிறது.

லண்டனில் ஒரு குழி

1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றவைத்த கதை பலருக்கும் தெரியும். அதற்குப் பின் நடந்தது அவ்வளவாகத் தெரியாது. அந்தப் பகுதியின் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட் வீடு வீடாக விசாரித்து, 40ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தைக்குத்தான் முதலில் வயிற்றுப்போக்கு வந்தது என்று கண்டுபிடித்தார். குழந்தையின் துணியை அலசிய நீரை, வீட்டு வாசலில் இருந்த மலக்குழியில் தாய் ஊற்றியிருந்தார். 1855இல் குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். செங்கல் சுவர் இற்றுப்போயிருந்தது. கிணற்றுக்கும் குழிக்கும் இடைவெளி மூன்றடிகூட இல்லை.

அந்தக் கிணற்றுத் தண்ணீர் ருசியானது என்று பெயர் பெற்றது. தொலைவிலிருந்தும் ஆள் அனுப்பி வாங்கிக் குடித்தவர்கள் இருந்தார்கள். குழியை முன்கூட்டியே ஒருவர் திறந்து பார்த்திருந்தால் என்ற எண்ணம், படிக்கும்போதெல்லாம் வருகிறது.

நான் கேட்டுச் சலித்த பதில்கள்

*"நிறையலைன்னா நல்லா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"* இல்லை. சரியாகக் கட்டிய தொட்டியில் தண்ணீர் வெளியேறும். கசடு அடியில் தங்கும். கசடு ஏறிக்கொண்டே வரும் என்பதால் சுமார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். நம் ஊர்களில் பல வீடுகளில் இருப்பது செப்டிக் டேங்கே இல்லை. சிமென்ட் உறைகளை இறக்கி, அடியில் பூசாமல் விட்ட குழி. அது நிறையாது. மலம் நேராக மண்ணுக்குள் இறங்கும்.

*"எங்களுது இருநூறு அடி போர், அவ்வளவு ஆழத்துக்கு எதுவும் வராது."* கழிவு இருநூறு அடி இறங்கவேண்டியதில்லை. மேல்பகுதியில் இறக்கிய கேசிங் குழாயைச் சுற்றி அடைப்பு சரியில்லாவிட்டால், ஓரமாகவே வழிந்து போருக்குள் விழும்.

*"தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு."* பிராட் தெருக்காரர்களும் அப்படித்தான் நம்பினார்கள். வைரஸுக்கு நிறமில்லை, மணமில்லை. நாற்றம் வரும் வரை காத்திருப்பவர் நோய்க்காகவே காத்திருக்கிறார்.

*"நாங்க குடிக்கிறது கேன் தண்ணி."* பல் துலக்குவது? தட்டும் டம்ளரும் கழுவுவது? கீரை அலசுவது? குழந்தை குளிக்கும்போது விழுங்குவது? எல்லாம் சம்ப் தண்ணீர்தானே!

*"கொதிக்கவைச்சுக் குடிக்கிறோம்."* நல்லது, கிருமிகள் சாகும். ஆனால் மலக்கழிவிலிருந்து நீரில் சேரும் நைட்ரேட் கொதிக்கவைப்பதால் போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது. அந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் சின்னக் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, உடல் நீலம் பாரிக்கலாம்.

*"மாசாமாசம் ஆசிட் ஊத்திடுறோம்."* தயவுசெய்து நிறுத்துங்கள். தொட்டிக்குள் கழிவைச் செரிப்பவை பாக்டீரியாக்கள். ஆசிடும் ஃபினாயிலும் அளவில்லாமல் போனால் அவை செத்து, செரிக்காத கழிவு அப்படியே வெளியேறும். ஈஸ்ட், வெல்லம், சாணிக்கரைசல், கடையில் விற்கும் பொடி எதுவும் லாரிக்கு மாற்றாகாது.

*"வெளிக்குழாயை மழைநீர் வடிகால்ல சேர்த்துட்டோம், இனி பிரச்சினை இல்லை."* உங்கள் பிரச்சினையை அடுத்த தெருக் குழந்தைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

காமாலைக்குப் பச்சிலை, காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்

ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே சரியாகிவிடும். அந்தப் பெயரைக் கீழாநெல்லியும் மந்திரிப்பவரும் தட்டிக்கொண்டு போகிறார்கள். தானாகச் சரியாகாத சிலர்தான் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார்கள். கண்ணில் சாறு விட்டுப் புண்ணாக்கிக்கொண்டவர்களையும், கையில் சூடு வைத்துக்கொண்டவர்களையும், உப்பும் எண்ணெயும் கூடாது என்று கஞ்சித் தண்ணீரிலேயே துவண்டு போனவர்களையும் பார்த்துவிட்டேன். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத சூரணம், ஏற்கெனவே நொந்துபோன கல்லீரலின் மேல் வைக்கும் இன்னொரு சுமை. காய்ச்சலுக்கு இஷ்டம்போல் விழுங்கும் பாரசிட்டமாலும் அப்படித்தான்.

டைபாய்டு கதை வேறு. "மெடிக்கல்ல மூணு நாளைக்கு மாத்திரை கொடுத்தாங்க, காய்ச்சல் விட்டுச்சு, திரும்ப வந்துச்சு" என்பார்கள். அரைகுறை ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லாது. பரிசோதனையிலிருந்து அதை மறைக்கும், மருந்துக்கு அடங்காததாகவும் ஆக்கும். குழந்தையின் வயிற்றுப்போக்கை நிறுத்தக் கடையில் மாத்திரை கேட்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மருந்தும் கொடுங்கள். சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள்.

தூக்கக் கலக்கம், குழறிய பேச்சு, நிற்காத வாந்தி, எங்கிருந்தாவது ரத்தக்கசிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். கர்ப்பிணியாக இருந்தால் கண் மஞ்சளான அன்றே வாருங்கள்.

பரிசோதனைகள்: காமாலைக்குக் கல்லீரல் செயல்பாடு, ரத்தம் உறையும் நேரம், வைரஸ் எதிரணு, டைபாய்டுக்கு மருந்து தொடங்கும் முன் ரத்த கல்ச்சர்.

எப்போது திறந்து பார்க்க வேண்டும்?

உறிஞ்சும் குழியும் குடிநீர்க் கிணறும் குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ அறுபது அடி, தள்ளி இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரக்குறியீடு. நம்மில் பலரின் மனை முப்பதுக்கு நாற்பது. அதன் ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் இடையே ஐம்பது அடிதான். தரக்குறியீடு சொல்லும் தூரம் நம் மனைக்குள்ளேயே கிடையாது. பக்கத்து வீட்டுத் தொட்டி உங்கள் கிணற்றுக்கு உங்கள் தொட்டியைவிடக் கிட்டத்தில்கூட இருக்கலாம். தூரம் நம்மைக் காப்பாற்றாது என்றால், கசியாத தொட்டிதான் காப்பாற்ற வேண்டும்.

ஆகவே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் பாருங்கள். கசடும் மேலே மிதக்கும் ஆடையும் சேர்ந்து தொட்டியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துவிட்டால் காலம் வந்துவிட்டது. மழை தொடங்கும் முன், ஆவணி புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். வெள்ளம் சூழ்ந்திருக்கும்போது காலி செய்தால் நிலத்தடி நீர் காலித் தொட்டியையே மேலே தூக்கிவிடக்கூடும்.

பழைய வீடு வாங்கும்போதும், மாடி கட்டிக் குடிவைக்கும்போதும், புதிதாகப் போர் போடும்போதும், வீட்டைச் சுற்றி வெள்ளம் நின்று வடிந்த பிறகும் பாருங்கள். கழிவறைத் தண்ணீர் மெதுவாக இறங்குவது, குளியலறைத் தரைக்குழாயில் குமிழி விடும் சத்தம், தொட்டியருகே எப்போதும் ஈரமும் பச்சையுமாக இருக்கும் மண், மழைநாளில் கிணற்று நீரில் வாடை, எல்லாம் தொட்டி உங்களைக் கூப்பிடும் குரல்கள். வீட்டில் ஒருவருக்குக் காமாலையோ டைபாய்டோ வந்தால், மருந்துச் சீட்டோடு தொட்டியையும் பாருங்கள்.

லாரி உறிஞ்சிய பிறகு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, நீண்ட கம்பால் மட்டத்தை அளந்துவையுங்கள். ஒரு நாள் பயன்படுத்தாமல் விட்டு மீண்டும் அளந்தால் கசிவு தெரிந்துவிடும். காற்றுக்குழாயின் வாயில் கொசுவலை கட்டுங்கள். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு இந்தக் கழிவுநீரில்தான் பெருகுகிறது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுங்கள். சம்ப்பைக் கழுவி நிரப்பிய பின் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடர் கலந்து, ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்துங்கள்.

யாரையும் உள்ளே இறக்காதீர்கள்

திறந்து பாருங்கள் என்றுதான் சொன்னேன். தலையை உள்ளே நீட்டச் சொல்லவில்லை. தீக்குச்சி, பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது. உள்ளே இருக்கும் மீத்தேன் பற்றிக்கொள்ளும். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல நாறும். அதிகமானால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் இல்லை என்று இறங்குபவர் சில மூச்சுகளிலேயே சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்கப் போன அண்ணன், அவருக்குப் பின் போன மகன் என்று ஒரே குழியில் மூன்று பேர் போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் செப்டிக் டேங்கில் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேலைக்கு அழைத்த வீட்டுக்காரரும் தண்டனைக்கு உரியவர். முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 14420 என்ற எண்ணை அழைத்தால் லாரிக்கு வழி சொல்வார்கள்.

மூடியையும் தட்டிப் பாருங்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு பள்ளியில் தொட்டியின் துருப்பிடித்த இரும்பு மூடி உடைந்து, எல்.கே.ஜி. படித்த குழந்தை உள்ளே விழுந்து இறந்தது.

கைகூப்பிக் கேட்கிறேன்

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க நாள் பார்க்கிறோம். காருக்குச் சர்வீஸ் தேதி நினைவில் இருக்கிறது. காலடியில் இருக்கும் தொட்டியை மட்டும் ஏன் மறந்துபோகிறோம்? அசிங்கம் என்று முகம் சுளிக்காதீர்கள். அது உங்கள் வீட்டின் ஓர் அறை. டைல்ஸை உடைக்கவேண்டியிருந்தால் உடைத்துவிடுங்கள். டைல்ஸ் மறுபடி வாங்கலாம். அடுத்த வீட்டுக்காரரிடமும் பேசுங்கள். சண்டைக்கு வருவாரோ என்று தயங்காதீர்கள். அவர் தொட்டியும் உங்கள் தொட்டியும் ஒரே மண்ணில்தான் இருக்கின்றன.

இந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். மழைக்குப் பிறகு என்னிடம் வரவேண்டியிருந்தால், "எங்க வீட்டு டேங்க் நிறைஞ்சதே இல்லை" என்று சொல்லாதீர்கள். "போன மாசம்தான் திறந்து பார்த்தோம் டாக்டர்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் இத்தனை வருடமாகக் காத்திருக்கிறேன்.